காய்ந்த திட்டுதான் உங்கள் தண்ணீர் பில்லைத் தீர்மானிக்கிறது

கேள்வி: வீட்டுக்கு முன்னால் 80 சதுர மீட்டர், பின்னால் 120 சதுர மீட்டர் புல்தரை இருக்கிறது. போன வருடம் டைமர் வைத்த ஸ்பிரிங்க்ளர் போட்டோம். முன்னால் இரண்டு ஜோன் (ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் தெளிப்பான் குழு), மண்ணுக்குள்ளிருந்து எழும்பி விசிறி மாதிரி அடிப்பவை. பின்னால் இரண்டு ஜோன், மெதுவாகத் திரும்பிக்கொண்டே தூரமாகத் தாரை அடிப்பவை. எல்லாவற்றுக்கும் தினமும் 15 நிமிடம் வைத்திருக்கிறோம். அதிலிருந்து தண்ணீர் பில் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. இவ்வளவு செலவழித்தும் முன்பக்கம் சொதசொதவென்று கிடக்கிறது, நடைபாதையில் தண்ணீர் ஓடுகிறது, பின்பக்கம் மூலைகள் பச்சையாகவும் நடுவில் பழுப்புத் திட்டாகவும் இருக்கிறது. பொருத்தியவர் ஸ்மார்ட் கன்ட்ரோலர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். மாமனார் புல்லையே எடுத்துவிடச் சொல்கிறார். நானோ ஷவரில் நிற்கும் பிள்ளைகளைச் சீக்கிரம் வெளியே வா என்று தினமும் விரட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் விடுகிற ஷவரில் ஒரு பிள்ளை 5 நிமிடம் முன்னதாக வெளியே வந்தால் உங்களுக்கு 50 லிட்டர் மிச்சம். உங்கள் முன்பக்கப் புல்தரைக்கு ஒரே காலையில் போவது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 800 லிட்டர். பணம் எங்கே போகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இந்த 800 எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்குப் பிடிபட்டுவிட்டால் மீதியை நீங்களே செய்துகொள்வீர்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். அதனால்தான் மழையை அளப்பது போலவே ஸ்பிரிங்க்ளரையும் மில்லிமீட்டரில் அளக்கிறோம். விசிறி மாதிரி அடிக்கும் ஸ்பிரே வகை மணிக்கு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் கொட்டும். சுழன்று அடிக்கும் ரோட்டார் வகை ரொம்பப் பெரிய வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைப்பதால் மணிக்கு 10 முதல் 15 வரைதான், 12 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அதே 15 நிமிடத்தில் முன்னால் 10 மில்லிமீட்டர் விழுகிறது, பின்னால் வெறும் 3. வாரத்துக்கு முன்னால் 70, பின்னால் 21. வெயில் காலத்தில் பெரும்பாலான புல்தரைகளுக்கு மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் இருந்தாலே தாராளம். புல் வகையைப் பொறுத்தும் வெயிலைப் பொறுத்தும் இது கூடக் குறைய இருக்கும், ஆனால் 70 என்பது எந்தக் கணக்கிலும் வராது. இரண்டு வேறு வகைத் தெளிப்பான்களுக்கு ஒரே நிமிடத்தை வைத்ததுதான் உங்கள் முன்பக்கச் சேற்றுக்குக் காரணம்.

சரி, இது பாதிக் கதைதான். மீதிப் பாதி பின்பக்கம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். பின்னால் நடுவில் பழுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு நீங்களோ பொருத்தியவரோ அடுத்து என்ன செய்வீர்கள்? 15 நிமிடத்தை 25 ஆக்குவீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படி ஏற்றும்போது அந்த ஒரு திட்டுக்காக மொத்தத் தரையும் கூடுதலாக நனைகிறது, ஏற்கெனவே நன்றாக இருக்கிற மூலைகளுக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். தோட்டத்திலேயே மிக மோசமாக நனைகிற இடம் எதுவோ, அதுதான் எல்லா இடத்துக்குமான நிமிடத்தை முடிவு செய்கிறது. ஆகவே தண்ணீர்ச் செலவைக் குறைக்க நினைப்பவர் டைமரைத் தொடுவதற்கு முன்னால், தண்ணீர் சீராக விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு டஜன் ஒரே மாதிரி டப்பா போதும். அடி தட்டையாக, பக்கவாட்டு நேராக இருக்கிற டப்பாக்களாக எடுங்கள். மேலே விரிந்து கீழே குறுகிய கிண்ணம் கணக்கைக் கெடுத்துவிடும். காற்று இல்லாத காலையில் பின்பக்கத் தரை முழுக்கப் பரப்பி வையுங்கள், மூலையில் சில, ஓரத்தில் சில, நடுவில் சில, அந்தப் பழுப்புத் திட்டில் கட்டாயம் இரண்டு டப்பாவாவது. பிறகு இரண்டு ஜோனையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலா அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்கேலை நட்டுத் தண்ணீர் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணியில் சராசரியாக 6 மில்லிமீட்டர் அளவில் விழ வேண்டும். எந்த டப்பாவில் எவ்வளவு என்று ஒரு தாளில் தோட்டத்தின் படம் போட்டு அந்தந்த இடத்தில் எழுதிவிட்டால், எங்கே குறை என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். சராசரி மட்டும் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் ஊற்றி அளந்து 12-ஆல் வகுத்தால் போதும்.

இப்போது அந்த 12-இல் மிகக் குறைவாக நிறைந்த 3 டப்பாக்களை எடுத்து அவற்றுக்கு மட்டும் சராசரி பாருங்கள். மொத்தச் சராசரி 6, இந்த மூன்றின் சராசரி 3 என்று வந்தால், சீர்மை 50 சதவீதம் என்று நாங்கள் சொல்வோம். இந்த நிலையில் காய்ந்த இடத்துக்கு வாரம் 25 மில்லிமீட்டர் போய்ச் சேர வேண்டுமானால் மொத்தத் தரைக்கும் சராசரி 50 கொட்டியாக வேண்டும்; 120 சதுர மீட்டருக்கு அது 6,000 லிட்டர். சீர்மையை 75 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் 33 மில்லிமீட்டர் போதும், சுமார் 4,000 லிட்டர். தெளிப்பானில் தண்ணீர் வெளியேறும் முனையான நாசிலைச் சரிசெய்ததற்காக மட்டுமே வாரம் 2,000 லிட்டர் மிச்சமாகிறது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தோட்டத்தில் மூலைகள் பச்சை, நடு பழுப்பு என்று எழுதியிருப்பதைப் படித்ததுமே எனக்கு ஒன்று தோன்றுகிறது. மூலையில் இருக்கும் ரோட்டார் கால் வட்டம்தான் திரும்பும். நடுவில் ஒன்று இருந்தால் அது முழு வட்டம் திரும்பும். எல்லாவற்றிலும் ஒரே அளவு நாசில் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரே அளவு தண்ணீரைத்தான் விடும். ஆனால் மூலையில் இருப்பது அதைக் கால் வட்டத்துக்குள்ளேயே கொட்டுகிறது, நடுவில் இருப்பது நான்கு மடங்கு பரப்புக்குப் பங்கு போடுகிறது. மூலைக்கு நான்கு மடங்கு கிடைத்தால் மூலை பச்சையாகத்தானே இருக்கும்! இதற்காகவே ரோட்டாருடன் வெவ்வேறு அளவு நாசில்கள் ஒரு சின்ன பாக்கெட்டில் வரும். கால் வட்டத்துக்குச் சிறியது, அரை வட்டத்துக்கு அதைப் போல இரண்டு பங்கு விடுவது, முழு வட்டத்துக்கு நான்கு பங்கு விடுவது என்று பொருத்த வேண்டும். அவசரத்தில் வேலை செய்பவர்கள், பெட்டியிலிருந்து எடுத்தபோது அதில் எது மாட்டியிருந்ததோ அதையே எல்லாவற்றிலும் விட்டுவிட்டுப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமல் எங்காவது கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

நடுவில் ரோட்டாரே இல்லையென்றால் காரணம் வேறு. ஒரு தெளிப்பானின் தாரை அடுத்த தெளிப்பானின் காலடி வரை போய் விழ வேண்டும், அப்படித்தான் இடைவெளி விட்டு நட வேண்டும். இரண்டு வட்டங்களும் ஓரத்தில் மட்டும் லேசாக உரசிக்கொள்கிற மாதிரி நட்டிருந்தால் நடுப்பகுதி எப்போதும் பட்டினிதான், அதற்கு எத்தனை நிமிடம் ஓட்டினாலும் தீர்வு கிடையாது. ஒன்று புதிதாக நட வேண்டும், அல்லது இருப்பதை நகர்த்த வேண்டும். இவை தவிர சில்லறைக் கோளாறுகள் உண்டு. தெளிப்பானின் தலை சாய்ந்திருப்பது, மண் ஏறி உள்ளே அமுங்கியிருப்பது, சுற்றிலும் புல் வளர்ந்து தாரையை மறைப்பது, நாசிலுக்குக் கீழே இருக்கும் சின்ன வடிகட்டியில் மணல் அடைத்திருப்பது. ஒரு காலை நேரம் ஒதுக்கி ஒவ்வொரு ஜோனையும் ஓடவிட்டு, நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு தலையாகப் போய் நின்று பாருங்கள், பாதிக்கு மேல் உங்கள் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

முன்பக்கத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்பிரே தலையிலிருந்து வருவது துளிகளாக விழுகிறதா, அல்லது புகை மாதிரி எழும்பி மிதக்கிறதா? புகையாக இருந்தால் பிரஷர் அதிகம். ஸ்பிரே தலைகள் 2 பார் (பிரஷரை அளக்கும் அலகு) அளவில்தான் நன்றாக வேலை செய்யும். ரோட்டாருக்கு 3 முதல் 3.5 வரை வேண்டும். பின்பக்கத்துக்குத் தேவைப்படும் பிரஷரையே முன்பக்கத்துக்கும் விட்டால் தண்ணீர் பொடிப்பொடியாக உடைந்து காற்றில் போய்விடும், அதோடு நாசில் வழியே போகும் அளவும் கூடும். பிரஷர் இரண்டு மடங்கானால் ஓட்டம் சுமார் 40 சதவீதம் ஏறும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மீட்டரில் ஓடிய தண்ணீர் புல்லுக்குப் போய்ச் சேராது. முன்பக்க வால்வில் பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டர் வைக்கலாம், இல்லையென்றால் ரெகுலேட்டர் உள்ளேயே வைத்து வரும் ஸ்பிரே தலைகளை மாற்றலாம். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் நான் இதற்குத்தான் முதலில் செலவழிப்பேன்.

அடுத்தது மீட்டர். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, வாஷிங் மெஷின் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மீட்டரைப் படித்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் யாரும் குழாயைத் தொடாமல் இருந்து திரும்பப் படியுங்கள். பல மீட்டர்களில் ஒரு சின்ன முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ இருக்கும், கொஞ்சம் தண்ணீர் போனாலும் அது சுற்றும். எல்லாம் மூடியிருக்கும்போது அது அசைந்தால் எங்கோ கசிகிறது. நிமிடத்துக்கு 1 லிட்டர் என்பது கேட்க அற்பமாகத் தோன்றும், ஒரு நாளில் அது 1,440 லிட்டர், 30 நாளில் 43,000 லிட்டருக்கு மேல்.

ஸ்பிரிங்க்ளர் இருக்கிற வீட்டில் இப்படிக் கசிவது பெரும்பாலும் வால்வில்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே தட்டையாக ஒரு ரப்பர் டயாபிரம், அதன் மேல் ஒரு ஸ்பிரிங் இருக்கும். ரப்பர் படிந்து உட்காரும் விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் வால்வ் முழுக்க மூடாது, இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேயிருக்கும், சரிவில் மிகத் தாழ்வாக இருக்கிற தலையைச் சுற்றி எப்போதும் ஈரமாக இருக்கும். மெயின் வால்வை மூடிவிட்டு, கசியும் வால்வைத் திறந்து, டயாபிரத்தைக் கழுவி, கிழிசல் இருந்தால் மாற்றி, திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: ஓட்டம் நின்ற பிறகு தாழ்ந்த தலையில் சில நிமிடம் தண்ணீர் வழிந்து தானாக நின்றுவிட்டால் அது வால்வ் கசிவு ஆகாது. குழாய்க்குள் நின்ற தண்ணீர் வடிகிறது. தண்ணீர் வடியாமல் தடுக்கும் செக் வால்வ் உள்ள தலை போட்டால் அதுவும் நிற்கும்.

மீட்டரை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தலாம். ஒரு ஜோனை மட்டும் 5 நிமிடம் ஓடவிட்டு முன்னும் பின்னும் படியுங்கள். வந்த லிட்டரை அந்த ஜோனின் சதுர மீட்டரால் வகுத்தால், இத்தனை மில்லிமீட்டர் விழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். அதை 6-ஆல் பெருக்கி அரை மணிக் கணக்காக்கி, டப்பாக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மீட்டர் 5 மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று சொல்லி, டப்பாவில் 3 மட்டுமே வந்திருந்தால் மீதி நடைபாதைக்கோ காற்றுக்கோ மண்ணுக்கடியில் உடைந்த குழாய்க்கோ போயிருக்கிறது. இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து கிடையாது.

இதையெல்லாம் பார்த்த பிறகு டைமருக்கு வருவோம். தினமும் விடுவதை நிறுத்துங்கள். தினமும் மேலோட்டமாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும், ஒரு நாள் தவறினால் புல் வாடும், உடனே இன்னும் விடுவீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 12 மில்லிமீட்டர் என்று ஆரம்பியுங்கள். முன்பக்கம் அது 18 நிமிடம், பின்பக்கம் 60 நிமிடம். 60 என்றதும் பதற வேண்டாம். வாரத்துக்கு இப்போது 105 நிமிடம் ஓடுகிறது, இனி 120. முன்பக்கம் 105-இலிருந்து 36-க்கு இறங்கும். அதாவது வாரம் 5,600 லிட்டர் போன இடத்தில் 1,920 லிட்டர். மிச்சமாகும் 3,680 லிட்டர், 6 லிட்டர் பிடிக்கிற கழிப்பறைத் தொட்டியை 600 தடவைக்கு மேல் நிரப்பும்.

முன்பக்கத்து 18 நிமிடத்தையும் ஒரே மூச்சில் விடாதீர்கள். நடைபாதையில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், களிமண்ணாக இருக்க வேண்டும், அல்லது சரிவு. களிமண் மணிக்கு 5 மில்லிமீட்டர்கூட உள்ளே இழுக்காது, நீங்கள் 40 கொட்டுகிறீர்கள். எத்தனையாவது நிமிடத்தில் தண்ணீர் நடைபாதையைத் தொடுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். 6 நிமிடம் தாங்கினால் 6 நிமிடம் விட்டு ஒரு மணி நேரம் இடைவெளி, மறுபடி 6, மறுபடி 6. அதற்குள்ளேயே வழிந்தால் 4 நிமிடமாகக் குறைத்துத் தடவையைக் கூட்டுங்கள். விடியற்காலையில் முடிந்துவிடுகிற மாதிரி வையுங்கள். காற்றும் குறைவு, ஆவியாவதும் குறைவு, வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடுவதால் பூஞ்சை நோயும் எளிதில் அண்டாது. மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை ஈரத்தில் கிடக்கும்.

டைமரில் ஒரு சிக்கல் இருக்கிறது, கட்டாயம் சரிபாருங்கள். ஆரம்ப நேரம் என்ற இடத்தில் எத்தனை நேரம் பதிந்திருக்கிறது? நான்கு ஜோன் என்பதால் நான்கு ஆரம்ப நேரம் போட வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான டைமர்களில் ஆரம்ப நேரம் என்பது மொத்த புரோகிராமுக்கும் உரியது, ஒரே நேரம் கொடுத்தால் போதும், நான்கு ஜோனும் வரிசையாக ஓடிவிடும். நான்கு நேரம் கொடுத்தால் எல்லா ஜோனும் நான்கு முறை ஓடும். ஏ, பி, சி என்று புரோகிராம் பல இருக்கும், அவற்றில் தெரியாமல் ஏதாவது பதிந்துவிட்டால் நீங்கள் தூங்கும்போது ஓடிக்கொண்டிருக்கும். பேக்கப் பேட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் பழைய மாடல்கள் சில, தினமும் 10 நிமிடம் என்று கம்பெனி வைத்த கணக்குக்கே திரும்பிவிடும். நான் மேலே போட்டதெல்லாம் தினம் ஒரு முறை ஓடுகிறது என்ற கணக்கு. அதைவிட அதிகம் ஓடுகிறதென்றால் பில் ஏன் எகிறியது என்று தேடவே வேண்டாம். முன்பக்கத்துக்கு மூன்று தவணை வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு முன்பக்கத்தை ஒரு புரோகிராமிலும் பின்பக்கத்தை இன்னொன்றிலும் பிரித்து வைத்துவிட்டு, முன்பக்கத்துக்கு மட்டும் மூன்று ஆரம்ப நேரம் கொடுங்கள்.

புதிய கணக்குக்கு மாற்றியதும் புல் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். ஒரேயடியாகக் குறைக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக நாள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேர் கீழே இறங்க அவகாசம் வேண்டும். புல்லுக்குத் தாகமா என்று தெரிய அதன் மேல் நடந்து பாருங்கள். மிதித்த தடம் உடனே நிமிராமல் அப்படியே நின்றால், நிறமும் சாம்பல் பூத்த நீலமாக மாறினால், தண்ணீர் வேண்டும். விட்ட மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள், 15 சென்டிமீட்டர் சுலபமாக இறங்கினால் ஈரம் போதிய ஆழத்துக்குப் போயிருக்கிறது. வெட்டும்போது ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஒட்ட வெட்டிய புல்லுக்கு வேரும் குட்டை, மண்ணுக்கு நிழலும் கிடையாது.

ஸ்மார்ட் கன்ட்ரோலர் நல்ல சாமான்தான், உங்களுக்கு அது இப்போது வேண்டாம். வானிலையைப் பார்த்து இன்று எவ்வளவு ஆவியானது என்று கணக்கிட்டு நிமிடத்தைக் கூட்டிக் குறைக்கும், மழை வந்தால் நிறுத்தும். ஆனால் நடுவில் இருக்கும் நாசில் தப்பு என்று அதற்குத் தெரியாது, அங்கே தண்ணீர் குறைவாக விழுவதையும் அதனால் பார்க்க முடியாது. எந்த மண், எந்த வகைத் தலை, எத்தனை சரிவு என்று நீங்கள் கொடுக்கும் விவரத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடும். முதலில் சீர்மையைச் சரிசெய்யுங்கள், ஒரு மழை சென்சார் மட்டும் மாட்டுங்கள், ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குவதா என்று முடிவு செய்யலாம். அதுவரை உங்கள் டைமரில் பருவத்துக்கேற்ற சதவீதம் என்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். வெயில் தணியும் மாதங்களில் அதை 60, 50 என்று இறக்கினால் எல்லா ஜோனும் ஒன்றாகக் குறைந்துவிடும்.

பில் தாளையும் எடுத்துப் படியுங்கள். மீட்டரைப் படித்துப் போட்ட அளவா, உத்தேசமாகப் போட்டதா என்று அதிலேயே இருக்கும். அளவு கூடக் கூட லிட்டருக்கான விலையும் ஏறுகிற அடுக்கு முறை உங்களுக்கு இருந்தால், புல்தரைத் தண்ணீர்தான் உங்களை மேல் அடுக்குக்குத் தள்ளுகிறது. குறைக்கும்போது அந்த விலை உயர்ந்த லிட்டர்கள்தான் முதலில் குறையும். கழிவுநீர்க் கட்டணத்தை உள்ளே வரும் தண்ணீரை வைத்துக் கணக்கிடும் இடங்களும் உண்டு. சாக்கடைக்கே போகாத தோட்டத் தண்ணீருக்கும் சேர்த்து நீங்கள் கட்டிக்கொண்டிருக்கலாம். தோட்டத்துக்குத் தனி மீட்டர் தருவார்களா என்று விசாரியுங்கள்.

மாமனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. யாரும் கால் வைக்காத இடத்தில் புல் எதற்கு? நடைபாதைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை இருந்தால், அதை நனைக்கும்போது நிறையத் தண்ணீர் வெளியேதான் விழும். செங்குத்தான சரிவிலும், மரத்தடி நிழலிலும் புல் வேண்டாம். அங்கெல்லாம் எடுத்துவிட்டுச் செடி வைத்து, சொட்டுநீர்க் குழாய் போட்டு, மேலே 5 முதல் 8 சென்டிமீட்டருக்குச் சருகோ மரச்சீவலோ மூடாக்குப் போடுங்கள். சொட்டுநீருக்குத் தனி ஜோன் வேண்டும், புல்லோடு சேர்க்காதீர்கள், இரண்டுக்கும் நேரம் ஒத்துவராது. பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற தரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் செலவழிக்கும் தண்ணீர் வீண் இல்லை என்று மாமனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பொருத்தியவரைத் திரும்பக் கூப்பிடும்போது டப்பாக் கணக்கு எழுதிய அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். எந்தத் தலையில் என்ன நாசில் இருக்கிறது, முன்பக்க வால்வுக்குப் பின்னால் பிரஷர் எத்தனை பார் என்று கேஜ் வைத்து உங்கள் எதிரிலேயே அளந்து அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாசில் மாற்றி முடித்ததும் காசு கொடுப்பதற்கு முன்னால் அதே 12 டப்பாக்களை அதே இடங்களில் இன்னொரு முறை வையுங்கள்.